பணிநேரம் திடீரென மாறும்போது: புதிய செவிலியரும் உங்கள் பராமரிப்பும்

நேற்று மாலை உங்களுக்கு ஊசி போட்ட செவிலியர் இன்று காலை வருவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். வருபவர் வேறொருவர். வார்டுக்கும் புதியவர், சில வேளைகளில் பணிக்கே புதியவர். அவருடைய பெயர் பணிப்பட்டியலில் வேறு வார்டில் இருந்தது; விடியற்காலையில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பினால் இங்கு அனுப்பப்பட்டிருக்கிறார். மருத்துவமனைகளில் இது அன்றாடம் நிகழ்வது. ஆயினும், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பொறுப்பு மாறும் நேரம் நோயாளியின் பாதுகாப்பில் மிகுந்த கவனம் வேண்டும் நேரமாகும். உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒன்பது நோயாளர் பாதுகாப்புத் தீர்வுகளுள் ஒன்று, பணி ஒப்படைப்பின்போது தகவல் முறையாகப் பரிமாறப்படுவதைப் பற்றியதே.

தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெறுவோருக்காகவும் அவர்களுடன் இருப்போருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனை, கம்பம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம், சின்னமனூர், ஆண்டிபட்டி ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகள் என எங்கு இருப்பினும் இவ்விளக்கம் பொருந்தும்.

பணிப்பட்டியல் ஏன் கடைசி நேரத்தில் மாறுகிறது?

செவிலியர் பணி பெரும்பாலான வார்டுகளில் காலை, பிற்பகல், இரவு என மூன்று முறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரவு முறை மற்ற இரண்டையும்விட நீளமானது. யார் எந்த நாளில் எந்த முறையில் வரவேண்டும் என்னும் பட்டியலைச் செவிலியர் கண்காணிப்பாளரோ வார்டின் பொறுப்புச் செவிலியரோ முன்கூட்டியே தயாரிக்கின்றனர்.

பட்டியல் தயாரானபின் ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம். ஒருவரின் குழந்தை நோயுறலாம். அவர் இடத்தைக் காலியாக விட இயலாது. இந்திய செவிலியர் குழுமத்தின் நெறிப்படி, கற்பிக்கும் மருத்துவமனையின் பொதுவார்டில் மூன்று படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும். பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைகளுக்கு ஒருவர். அதற்கு மேல் விடுப்பை ஈடுசெய்ய 30 விழுக்காடு கூடுதல் பணியிடங்களும் வேண்டும். 30 படுக்கைகள் உள்ள வார்டை எடுத்துக்கொண்டால் 10 செவிலியர். விடுப்புக்கு ஈடாக 3 பேர். எண்ணிக்கை நிறைவாகத் தோன்றும். ஆனால் 10 பேரும் ஒரே வேளையில் வார்டில் இருப்பதில்லை. மூன்று முறைகளாகப் பிரித்தால் ஒரு முறைக்கு மூவரே எஞ்சுவர். அம்மூவரில் ஒருவர் வராவிட்டால், எஞ்சிய இருவர் தலா 15 நோயாளிகளைக் கவனிக்க நேரும். எனவேதான் ஒரே ஒருவரின் விடுப்புகூட மற்றொரு வார்டிலிருந்து ஆளை அழைக்கச் செய்கிறது.

நம் பகுதிக்கே உரிய காரணங்களும் உண்டு. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கும், சித்ரா பௌர்ணமியன்று கூடலூர் மலைமேல் உள்ள மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கும் மக்கள் திரளும்போது மருத்துவக் குழுக்கள் அங்கு அனுப்பப்படுகின்றன. கார்த்திகை முதல் தை வரை சபரிமலை செல்லும் வாகனங்கள் தேனி, கம்பம், குமுளிச் சாலையை நிறைக்கின்றன. ஒரே இரவில் ஒரு வேன் விபத்து நேர்ந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் பல வார்டுகளிலிருந்தும் செவிலியர் அழைக்கப்படுவர். மழைக்காலக் காய்ச்சல் வார்டுகளும் அவ்வாறே.

இம்மாற்றங்கள் புதியவர்களையே அதிகம் தொடுகின்றன என்பது பணியிட நடைமுறையை அறிந்த எவருக்கும் தெரியும். ஒரு வார்டில் நிலைபெறாதவரை வேறு வார்டுக்கு மாற்றுவது எளிது. மறுத்துப் பேசும் தயக்கமும் அவர்களுக்கே மிகுதி. செவிலியர் பணியாளர் குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் வெளியிட்ட 157-ஆம் பரிந்துரை, செவிலியர் தம் குடும்ப வாழ்வை ஒழுங்குபடுத்திக்கொள்ளப் போதிய அளவு முன்னதாகப் பணிநேரம் அறிவிக்கப்படவேண்டும் என்றும், சிறப்பான நெருக்கடிகளில் மட்டுமே அதிலிருந்து விலகலாம் என்றும் கூறுகிறது. பரிந்துரை என்பதால் அது சட்டக் கட்டாயம் அன்று. ஆயினும் நியாயம் எது என்பதை அது காட்டுகிறது.

புதியவர் என்றால் பயிற்சி இல்லாதவர் என்று பொருளா?

இல்லை. பி.எஸ்சி. செவிலியர் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். படிப்பை முடித்து மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்த பின்னரே ஒருவர் செவிலியராகப் பணியாற்ற முடியும். சீருடையில் வரும் செவிலிய மாணவ மாணவியர் வேறு. அவர்கள் மேற்பார்வையின்கீழ் மட்டுமே செயல்படுவர். ஐயம் இருப்பின் "நீங்கள் ஸ்டாஃபா, படிக்கிறீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை, அது அவமதிப்பும் ஆகாது.

புதிய செவிலியருக்கு இல்லாதது கல்வி அன்று. அந்த வார்டைப் பற்றிய பழக்கம். மருந்து அலமாரியில் எது எங்கு உள்ளது, எந்த மருத்துவரை எந்த எண்ணில் அழைப்பது, ஏழாம் படுக்கையில் உள்ள பெரியவருக்குக் காது கேளாது, 12-ஆம் படுக்கையில் உள்ள அம்மாவுக்கு வலக்கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காது ஆகியவை எந்தப் பாடநூலிலும் இல்லை. நேற்றுவரை அவ்வார்டில் இருந்தவருக்குத் தெரியும். இன்று வந்தவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் உதவக்கூடிய இடம் இதுவே.

ஒப்படைப்பு எவ்வாறு நிகழ்கிறது?

பணி முடித்துச் செல்பவர் பணி ஏற்பவருக்கு ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கூறுவதே ஒப்படைப்பு. பல இடங்களில் இருவரும் படுக்கை படுக்கையாக வந்து, நோயாளியின் பதிவேட்டைப் பார்த்துப் பேசுவர். இதற்கென உலகெங்கும் பின்பற்றப்படும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் நோயாளியின் இப்போதைய நிலை. அடுத்து பின்னணி, அதாவது எதற்காகச் சேர்க்கப்பட்டார், என்ன சிகிச்சை நடந்தது என்பது. பின்னர் செவிலியரின் மதிப்பீடு. இறுதியில் இனிச் செய்யவேண்டியது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிய முறை இது. பின்னர் மருத்துவமனைகள் இதனை எடுத்துக்கொண்டன. கப்பலிலும் வார்டிலும் சிக்கல் ஒன்றுதான்: சுருக்கமாகச் சொல்லவேண்டும், ஆனால் எதுவும் விடுபடக்கூடாது.

ஒப்படைப்பு உங்கள் படுக்கையருகே நிகழும்போது நீங்கள் விழித்திருந்தால் கவனித்துக் கேளுங்கள். இடையில் குறுக்கிடாமல், அவர்கள் முடித்ததும் விடுபட்டதைக் கூறுங்கள். அந்தச் சில நிமிடங்களில் தேநீர் வாங்கித் தரவோ, படுக்கை விரிப்பு மாற்றித் தரவோ கேட்பதைத் தள்ளிப்போடுங்கள். மூச்சுத்திணறல், மார்வலி, வலிப்பு, இரத்தப்போக்கு, நினைவு மாறுதல் ஆகியவை இதற்கு விலக்கு. அவற்றுக்கு எந்த நேரத்திலும் உடனே கூப்பிடவேண்டும்.

செவிலியர் திடீரென மாற்றப்பட்ட நாளில் ஒப்படைப்பு முழுமையாக நிகழாமல் போகலாம். சென்றவர் காத்திருந்து பார்த்துவிட்டு, மற்றொருவரிடம் சொல்லிச் சென்றிருப்பார். வந்தவர் அரைமணி நேரம் தாமதமாக வந்திருப்பார். அத்தகைய நாளில் பின்வருவனவற்றை நீங்களே கூறுங்கள்: நோயாளியின் முழுப் பெயர், எந்த மருந்து ஒவ்வாது, கடைசி மருந்து அல்லது ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, இரவில் புதிதாக என்ன நேர்ந்தது, இன்று எந்தச் சோதனைக்காக அல்லது அறுவைக்காகப் பட்டினி இருக்கவேண்டும். நீளமாகச் சொல்லவேண்டியதில்லை. "சிஸ்டர், அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காது. ராத்திரி ரெண்டு மணியில இருந்து மூச்சு வாங்குது. ஆறு மணிக்கு ஊசி போட்டாங்க" என்றால் போதும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நம் பள்ளத்தாக்கில் ஒரே வார்டில் இரண்டு மூன்று பேர் ஒரே பெயருடன் இருப்பது வியப்பன்று. குலதெய்வத்தின் பெயரை வீட்டுக்கு வீடு வைக்கிறோம். மருந்து தருமுன் செவிலியர் பெயர் கேட்டால், "நேற்றும் கேட்டீர்களே" என்று சலிப்படைய வேண்டாம். தந்தை அல்லது கணவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லி "இவர்தானே?" என்று கேட்டால் தலையசைக்காமல், உங்கள் பெயரை நீங்களே வாய்விட்டுக் கூறுங்கள்.

பணிமாற்ற நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும் நிலைகள்

இன்சுலின். காலை இன்சுலின் ஊசியும் காலை உணவும் பணிமாற்றமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருகின்றன. சென்ற செவிலியர் ஊசி போட்டுவிட்டுப் பதிவேட்டில் குறிக்குமுன் அழைக்கப்பட்டிருந்தால், வந்தவர் மீண்டும் போட வரக்கூடும். "போட்டாச்சு, இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள், அவர் சரிபார்த்துக்கொள்வார். மாறாக, யாரோ போட்டிருப்பர் என இருவரும் எண்ணி ஊசி விடுபடுவதும் உண்டு. ஊசி போட்டபின் உணவு வரத் தாமதமானால் உடனே தெரிவியுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், மயக்கம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள்.

பாம்புக்கடி. நெல்வயல், திராட்சைத் தோட்டம், வாழைத் தோப்பு நிறைந்த இப்பள்ளத்தாக்கில் இதனை விரித்தே கூறவேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக ஒரே விஷமுறிவு மருந்து தரப்படுகிறது. விரியன் கடியில் இரத்தம் உறையும் தன்மை கெடுகிறதா என்பதை அறிய, சிறிதளவு இரத்தத்தைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பர். மருந்து செலுத்தி ஆறு மணி நேரம் கழித்து இச்சோதனை மீண்டும் செய்யப்படும். அதன் முடிவைப் பொறுத்தே அடுத்த தவணை மருந்து. இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சச் சென்றவர் கடிபட்டு வந்து, 1 மணிக்கு மருந்து செலுத்தப்பட்டால், அடுத்த சோதனை காலை 7 மணிக்கு வருகிறது. அதே வேளையில் வார்டில் ஆட்கள் மாறுகின்றனர். மருந்து செலுத்திய நேரத்தையும் அடுத்த சோதனை நேரத்தையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, புதிதாக வரும் செவிலியரிடம் காட்டுங்கள். சோதனை நேரம் தவறினால் இரத்தக்கசிவு அறியப்படாமல் போகலாம். ஈறு, மூக்கு, சிறுநீர் ஆகியவற்றில் இரத்தம் தெரிந்தாலும் கூறுங்கள். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. சில மணி நேரம் கழித்து இமை தாழும், விழுங்கவும் பேசவும் கடினமாகும். "தூக்கக் கலக்கம்" என்று எண்ணி உறங்க விட்டுவிடாதீர்கள்.

பூச்சிமருந்து நஞ்சு. தெளிக்கும்போது உடலில் பட்டதாயினும் உட்கொண்டதாயினும், முதல் நாளில் தேறிய நோயாளி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் மீண்டும் வலுவிழக்கக்கூடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமை இதன் முன்னறிவிப்பு. மூச்சுத் தசைகளும் தளரலாம். நேற்று நோயாளி எழுந்து அமர்ந்ததை இன்று வந்த செவிலியர் பார்த்திருக்கமாட்டார். ஒப்பிட்டுச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவரே: "நேத்து தானா உட்கார்ந்தாரு, இன்னிக்குத் தலையே தூக்க முடியல." வாயில் எச்சில் மீண்டும் ஊறி வழிவதையும், தொடர்பின்றிப் பிதற்றுவதையும் அவ்வாறே தெரிவியுங்கள். அவை மருந்தின் அளவை மருத்துவர் மாற்றவேண்டியதைக் காட்டலாம். இது எவ்வாறு நேர்ந்தது என்று புதிதாக வந்த செவிலியர் மீண்டும் கேட்டால், அண்டைப் படுக்கையினர் கேட்க விடை சொல்லவேண்டியதில்லை. தனியே பேச வேண்டும் என்று கூறலாம்.

இரத்தம் ஏற்றுதல். முதல் 15 நிமிடங்களில் செவிலியர் நெருங்கிக் கவனிப்பது வழக்கம். ஒரு பை இரத்தம் நான்கு மணி நேரத்துக்குள் முடியவேண்டும் என்பதால், ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடிக்க நேரலாம். குளிர் நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, முதுகுவலி, மூச்சுத்திணறல் தோன்றினால் யாருடைய பணிநேரம் என்று பாராமல் உடனே அழையுங்கள். டிரிப்ஸ் குழாயின் திருகை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பிரசவித்த தாய். முதல் 24 மணி நேரத்தில் எத்தனை துணிகள் நனைந்தன என்பதை உடனிருக்கும் பெண்ணே அறிவார். புதிய செவிலியர் கேட்குமுன்னரே கூறுங்கள்.

உடனிருப்பவரும் மாறுகிறார்

இதுவரை செவிலியர் மாறுவதைப் பற்றிப் பேசினோம். நீங்களும் மாறுகிறீர்கள். கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுவோர் விடியுமுன் புறப்படவேண்டும். இரவெல்லாம் தாயின் அருகில் இருந்த மகள் அதிகாலையில் கிளம்பி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவோ இடுக்கிக்குச் செல்கிறாள். அவள் இடத்தில் சித்தியோ, பாட்டியோ, பள்ளி விடுமுறையில் உள்ள பேரனோ வந்து அமர்கின்றனர். ஒரு நாள் கூலியை இழக்க இயலாத குடும்பத்தில் இது தவிர்க்க இயலாதது. குறை கூறத்தக்கதும் அன்று.

சிக்கல் இதில்தான். இரவுச் செவிலியரும் செல்கிறார், இரவு உடனிருந்தவரும் செல்கிறார். காலை எட்டு மணிக்கு மருத்துவர் சுற்றுக்கு வந்து "ராத்திரி எப்படி இருந்தார்?" என்று கேட்கும்போது, இரவைக் கண்ட ஒருவரும் படுக்கையருகில் இல்லை. பாட்டி "நல்லா தூங்குச்சு" என்று கூறிவிடுவார். நோயாளி உறங்கவில்லை, மயங்கிக் கிடந்தார் என்பது மகளுக்கு மட்டுமே தெரியும். மகளோ செல்பேசித் தொடர்பு கிடைக்காத ஏலக்காட்டில் இருக்கிறாள்.

ஆகவே உங்கள் வீட்டிலும் ஓர் ஒப்படைப்பு வேண்டும். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். பழைய பள்ளி நோட்டின் மீதிப் பக்கங்களே போதும். நேரம், என்ன நேர்ந்தது, என்ன கொடுக்கப்பட்டது, யார் சொன்னார் என்று எழுதி, நோயாளியின் மருத்துவமனைச் சீட்டுடன் வைத்திருங்கள். எழுதத் தெரியாதவர் செல்பேசியில் பேசிப் பதிவு செய்து வைக்கலாம். கிளம்புமுன் செவிலியரிடம், "நான் போறேன், இனி எங்க சித்திதான் இருப்பாங்க, அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று கூறிச் செல்லுங்கள். இயன்றால் புதிய செவிலியர் வந்து ஒருமுறை பார்க்கும்வரை காத்திருங்கள். ஜீப் காத்திராது என்பது உண்மை. அந்நிலையில் நோட்டே உங்கள் வாய்.

இடுக்கியில் முதலில் சிகிச்சை பெற்று இங்கு வந்தவராயின், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள அந்தச் சீட்டுகளை வீட்டில் விட்டுவிடாதீர்கள். நீங்கள் படிக்க இயலாததைச் செவிலியரும் மருத்துவரும் படித்துக்கொள்வர். மருந்துப் பெயர்கள் எங்கும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன.

சோர்வு ஒரு குணக்கேடு அன்று

கடைசி நேரத்தில் இரவுப் பணிக்கு அழைக்கப்பட்ட செவிலியர் பகலில் உறங்கியிருக்கமாட்டார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்குத் தாழ்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 30 மில்லிகிராம். அதிகாலை 3 முதல் 5 மணி வரை உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும். மேற்கூறிய 157-ஆம் பரிந்துரை, மிகைப்பணி உட்பட ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும், இரு பணிமுறைகளுக்கு இடையே 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் கூறுவது இக்காரணம் பற்றியே.

இதனை அறிவதால் உங்களுக்கு என்ன பயன்? முதலாவது, தயங்காமல் கேட்கலாம். "சிஸ்டர், இது எந்த மருந்து? நேற்று மாத்திரை வேறு நிறமாக இருந்ததே" என்று அமைதியாகக் கேட்பது அவரைச் சந்தேகிப்பது அன்று, அவருக்கு ஓர் இரண்டாவது கண்ணாக இருப்பது. நல்ல செவிலியர் எவரும் இதற்காகச் சினம் கொள்ளார். கொண்டாலும் கேள்வியைக் கைவிடவேண்டாம். பொறுப்புச் செவிலியரிடம் கேளுங்கள். இரண்டாவது, குரல் உயர்த்துவதால் தவறு குறையாது, கூடும். பதற்றத்தில் உள்ள புதியவர், திட்டும் குடும்பத்தினரின் படுக்கையருகே வருவதையே குறைத்துக்கொள்வார். பணியில் உள்ள மருத்துவப் பணியாளர் மீதான வன்முறை, தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் புதிதாகச் செவிலியராகச் சேர்ந்திருந்தால்

இப்பக்கத்தைப் படிப்பவருள் சிலர் நோயாளியின் உறவினராக மட்டுமன்றி, ஒரு செவிலியரின் பெற்றோராகவோ கணவராகவோ இருக்கலாம். தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட செவிலியர் பலர், சொந்த ஊரை விட்டுத் தொலைவில் பணியாற்றுகின்றனர். உள்ளூரிலேயே பணி கிடைத்தாலும் தொலைவு சிறிதன்று: கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கி.மீ.; அதற்கு அப்பால் மதுரைச் சாலையில் க.விலக்கு.

பணிநேரம் மாறும் நாளில் வீட்டார் செய்யக்கூடியவை எளியவை. ஆனால் பயன் பெரிது. இரவுப் பணி என்று பிற்பகலில் தெரியவந்தால், புறப்படுமுன் ஒன்றரை மணி நேரமாவது உறங்க விடுங்கள். சமையலும் விருந்தினர் உபசரிப்பும் அன்று மற்றவர் பொறுப்பு. இரவுப் பணி முடித்து வந்தவர் பகல் பத்து மணிக்கு உறங்குவது சோம்பல் அன்று. அறையை இருட்டாக்கி, செல்பேசியை வாங்கி வைத்து, வாசலில் கூப்பிடுவோரை நீங்களே எதிர்கொள்ளுங்கள். காலையில் இரு சக்கர வாகனத்தில் அவரைத் தனியே திரும்ப விடாதீர்கள். பேருந்தில் வரட்டும், அல்லது வீட்டிலிருந்து ஒருவர் சென்று அழைத்து வரட்டும். உறக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவது மது அருந்தி ஓட்டுவதற்கு நிகரான ஆபத்து என்பதை மேலே உள்ள எண்களே சொல்கின்றன.

மாற்றத்தை ஏற்குமுன் அவர் கேட்டுத் தெளியவேண்டியவை: எந்த வார்டு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அங்கு உடன் இருக்கும் மூத்த செவிலியர் யார், இதற்கு ஈடாக எந்த நாள் ஓய்வு. முன்பின் பழகாத தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கோ அனுப்பப்பட்டால், "இந்தக் கருவியை நான் இயக்கியதில்லை, ஒருவர் உடன் இருக்கவேண்டும்" என்று தொடக்கத்திலேயே கூறுவது கடமை. கூச்சத்தால் மௌனம் காப்பதன் விலையை நோயாளி கொடுக்க நேரும். வாய்வழியாகச் சொல்லப்பட்ட மாற்றத்தைப் பட்டியலிலும் குறிக்கச் செய்யவேண்டும். இல்லையெனில் பழைய இடத்தில் வருகையின்மையாகப் பதிவாகிவிடும். அவர் கருவுற்றிருந்தாலோ, வலிப்பு அல்லது சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவராயினோ, பட்டியல் தயாரிப்பவரிடம் அதனை முன்னரே தெரிவிப்பது நன்று. உறக்கமின்மை வலிப்பைத் தூண்டும்; உணவு நேரம் குலைந்தால் சர்க்கரை அளவும் குலையும்.

மாதக்கணக்கில் உறக்கம் வராமை, பணிக்குச் செல்லுமுன் படபடப்பு, காரணமின்றி அழுகை, உயிர் வாழ்வதில் வெறுப்பு ஆகியவற்றைக் கண்டால் "பழகினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 104 என்னும் இலவச எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும்.

யாரிடம் தெரிவிப்பது?

மருந்து தவறியது, சோதனை நேரம் கடந்தது, நெடுநேரம் ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்னும் நிலையில் முதலில் வார்டின் பொறுப்புச் செவிலியரிடமும், பின்னர் பணியில் உள்ள மருத்துவரிடமும் கூறுங்கள். அங்கு தீராவிட்டால் மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரை அணுகலாம். புகார் கூறும்போது நாள், நேரம், வார்டு, படுக்கை எண், நடந்தது ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். மேலே கூறிய நோட்டு இங்கும் உதவும். முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்னும் எண்ணிலும், மருத்துவ ஆலோசனையை 104 என்னும் எண்ணிலும் பெறலாம். வீடு திரும்பியபின் நோயாளியின் நிலை மோசமானால், 108 அவசர ஊர்தியை அழைத்து, டிஸ்சார்ஜ் சீட்டையும் நோட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.